பிரீஅக்‌ஷன் ஸ்பிரிங்ளருக்குக் காற்று கட்டுதல்: கரையோர ஈரத்தில் ஒரு கைக்கணக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் இருந்து ஒலுவில் வரைக்கும் கடலை ஒட்டிப் போகும் கட்டடங்களில், தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் அறைகள் பெருகிவிட்டன: சேவர் அறை, ஆவண அறை, மீன் குளிரறை. இந்த இடங்களில் தீயை அணைக்கத் தண்ணீர் தெளிக்கும், எந்த நேரமும் தண்ணீர் நிறைந்திருக்கும் சாதாரண ஸ்பிரிங்ளர் குழாயை வைக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஏணி நுனி ஒரு ஸ்பிரிங்ளர் தலையில் (தண்ணீர் தெளிக்கும் முனையில்) பட்டு அது உடைந்தால் போதும், தீ இல்லாமலேயே அறை நாசம். அதற்காகத்தான் பிரீஅக்‌ஷன். குழாயில் தண்ணீர் இல்லை, குறைந்த அமுக்கத்தில் காற்று நிற்கிறது. தண்ணீரைக் கீழே ஒரு வால்வு மறித்து வைத்திருக்கிறது. புகை அல்லது வெப்ப உணரி சொன்னால்தான் அது திறக்கும்.

வால்வுக்கும், உணரிகளின் செய்தியைப் பெற்று வால்வைத் திறக்கும் பனலுக்கும் காட்டும் அக்கறையை இந்தக் காற்றுக்குப் பலர் காட்டுவதில்லை. வேலை முடிகிற கடைசி நாளில் கைக்குக் கிடைத்த கம்பிரசரை அரை அங்குலக் குழாயில் இணைத்து, அமுக்கமானியின் முள் ஏறியதும் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். பிறகு வரும் பொய் அலாம், கறள், ஓட்டை, எரிந்த மோட்டர் எல்லாவற்றுக்கும் வேர் பெரும்பாலும் அந்தக் கடைசி நாள்தான்.

காற்று வழங்கலுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள் உண்டு. வெறுமையான குழாயை 30 நிமிடத்துக்குள் வழமையான அமுக்கத்துக்கு நிரப்ப வேண்டும். ஆனால், ஒரே ஒரு ஸ்பிரிங்ளர் தலை திறந்தாலும் அது தோற்றுப்போக வேண்டும். வெளியேறும் காற்றை ஈடுசெய்து அமுக்கத்தைத் தாங்கிப் பிடித்தால், தலை திறந்த செய்தி பனலுக்குப் போய்ச் சேராது. கீழே சொல்லும் ஒவ்வொரு பாகமும் இந்த இரண்டில் ஒன்றுக்காகவே இருக்கிறது.

எந்த வகை என்று முதலில் பாருங்கள்

ஒற்றைப் பூட்டு முறையில் உணரி சொன்னால் வால்வு திறக்கும். காற்று வெறும் காவலாளி. காற்று இறங்கினால் குறைபாட்டு அறிவிப்பு மட்டும் வரும், தண்ணீர் வராது. இரட்டைப் பூட்டில் உணரியும் சொல்ல வேண்டும், காற்றும் இறங்க வேண்டும். பூட்டில்லாத முறையில் இரண்டில் எது நடந்தாலும் வால்வு திறந்துவிடும். அதாவது அந்த முறையில் கம்பிரசர் பழுதானால் தண்ணீர் குழாய்க்குள் ஏறிவிடும்.

இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று இறங்கிய நிலையிலேயே தொகுதியை நாள்கணக்கில் விட்டால், இரண்டு பூட்டில் ஒன்று ஏற்கெனவே திறந்தாயிற்று. அடுத்து ஒரு புகை உணரி தூசியால் தவறாகச் சொன்னாலும் தண்ணீர் குழாய்க்குள் வந்துவிடும். குறைந்த காற்று அறிவிப்பை ‘சைலன்ஸ்’ பொத்தானை அழுத்தி விட்டுவைப்பது, கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பைத் தெரிந்தே கழற்றி வைப்பது.

அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்பிரிங்ளர் விதிநூலான என்எஃப்பிஏ 13 விதிப்படி 20 தலைக்கு மேற்பட்ட பிரீஅக்‌ஷன் குழாய்களில் காவல் காற்று கட்டாயம். ஒற்றைப் பூட்டுக்கும் பூட்டில்லாததுக்கும் குறைந்தது 0.5 பார், அதாவது 7 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இரட்டைப் பூட்டுக்கு வால்வு செய்தவரின் தாளில் உள்ள எண்தான் சட்டம். காற்றால் இயங்கும் அக்சுவேற்றர் (வால்வைத் திறக்கும் பாகம்) உள்ள வால்வுகளில் தண்ணீர் அமுக்கம் கூடக்கூடத் தேவையான காற்றமுக்கமும் கூடும். அந்த அட்டவணையைப் பார்க்காமல் வேறு கட்டடத்தில் வைத்த அளவையே இங்கேயும் வைக்கக் கூடாது.

எவ்வளவு காற்று வேண்டும்

குழாயின் கொள்ளளவில் இருந்து தொடங்க வேண்டும். ஷெட்யூல் 40 என்ற சுவர் தடிப்புள்ள குழாயில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ இவ்வளவு பிடிக்கும்: 4 அங்குலம் 8.2 லீற்றர், 3 அங்குலம் 4.8, இரண்டரை அங்குலம் 3.1, 2 அங்குலம் 2.2, ஒன்றேகால் அங்குலம் 0.97, 1 அங்குலம் 0.56. சுவர் தடிப்பு வேறான குழாய் என்றால் உள்விட்டத்தை அளந்து கணக்கிடுங்கள்.

நடுத்தர அளவான ஒரு தொகுதியை எடுப்போம். 4 அங்குலம் 40 மீற்றர், இரண்டரை அங்குலம் 60 மீற்றர், ஒன்றேகால் அங்குலம் 90 மீற்றர், 1 அங்குலம் 120 மீற்றர். கூட்டினால் ஏறத்தாழ 667 லீற்றர் வரும். இதை 0.7 பாருக்கு நிரப்ப வேண்டும் என்றால் 667 ஐ 0.7 ஆல் பெருக்கி, வளிமண்டல அமுக்கமான 1.013 ஆல் பிரிக்க வேண்டும். 461 லீற்றர் சாதாரணக் காற்று. 30 நிமிடத்தில் என்றால் நிமிடத்துக்கு 15.4 லீற்றர். இதே குழாய்க்கு 2.8 பார் தேவைப்பட்டால் நிமிடத்துக்கு 61 லீற்றர் ஆகிவிடும். ஆக 0.7 பாருக்கு, சுவரில் அல்லது வால்விலிருந்து மேலே ஏறும் ரைசர் குழாயிலேயே பொருத்தும் சிறிய எண்ணெயில்லாக் கம்பிரசர் தாராளமாகப் போதும்.

கம்பிரசர் பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. பிஸ்டன் இடம்பெயர்க்கும் கனவளவு வேறு, உங்களுடைய அமுக்கத்தில் உண்மையாக வெளியே வரும் காற்று வேறு. இரண்டாவது எண்தான் வேண்டும். அத்துடன் பெயர்ப்பலகையில் 60 ஹேர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த மோட்டர் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். காற்றும் அந்த அளவுக்குக் குறையும், மோட்டரும் கூடுதலாகச் சூடாகும். 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று தெளிவாக எழுதியதையே எடுங்கள்.

மறுபக்கத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். அரை அங்குலத் துளையுள்ள ஒரு சாதாரண தலை 0.7 பாரில் திறந்தால், முதல் கணத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 லீற்றர் காற்று வெளியேறும். 15 லீற்றர் கம்பிரசர் இதோடு போட்டியிட முடியாது. அதுதான் எங்களுக்கு வேண்டியது. பெரிய கம்பிரசர் ‘பாதுகாப்புக்கு நல்லது’ என்பது இந்த வேலையில் பொருந்தாது.

அம்பாறைப் பக்கம் இந்தப் பிழைக்கு ஒரு வசதியான வழி திறந்தே கிடக்கிறது. அரிசி ஆலைகளில், அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டருக்காகப் பெரிய ஸ்க்ரூ கம்பிரசரும் தொட்டியும் ஏற்கெனவே நிற்கும். ‘காற்று இருக்குத்தானே, அதிலிருந்து ஒரு லைன் இழுங்க’ என்று சொல்லத் தோன்றும். மூன்று காரணத்துக்காக அப்படியே இழுக்கக் கூடாது. ஆலை நின்றதும் கம்பிரசரும் நிற்கும், ஆனால் ஸ்பிரிங்ளர் காற்று இரவும் பகலும் இருக்க வேண்டும். 7 பாரில் தொட்டியோடு வரும் காற்று, நெருக்கி (காற்றோட்டத்தைக் குறைக்கும் சிறு துளை) இல்லாத அரை அங்குலக் குழாயூடாகத் திறந்த தலையோடு சரிக்குச் சரி நிற்கக்கூடியது. மூன்றாவது எண்ணெய். எண்ணெய் பூசிய கம்பிரசரில் இருந்து வரும் ஆவி, பள்ளக் கப்ளிங்கில் (குழாய் நுனியில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்து இணைக்கும் வளையத்தில்) உள்ள ஈபிடிஎம் றபரை ஊதச்செய்து கெடுக்கும். ஆலைக் காற்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் எண்ணெய் வடிகட்டி, உலர்த்தி, காற்றுப் பராமரிப்புக் கருவி, இரவிலும் வேலை செய்யும் தனிக் கம்பிரசர் என்று சேர்க்கச் சேர்க்க, சிறிய கம்பிரசர் ஒன்று வாங்கியதே மலிவாக முடியும்.

பாகங்கள் எந்த வரிசையில்

காற்று போகும் திசையிலேயே சொன்னால்: கம்பிரசர், அதன் தலை அமுக்கத்தை விடுவிக்கும் அன்லோடர், உலர்த்தி, மூடும் வால்வு, வலைவடிகட்டி, காற்றுப் பராமரிப்புக் கருவி, மென்மையான இருக்கையுள்ள திரும்பா வால்வு, பிறகு ரைசர். குறைந்தது அரை அங்குலக் குழாய். ரைசரில் இணையும் இடம், தண்ணீரை மறிக்கும் வால்வுக்கு மேல் ரைசரில் உள்ள முதன்மைத் திரும்பா வால்வுக்கும் மேலே இருக்க வேண்டும், கீழே அல்ல. கீழே இணைத்தால் காற்று முழுவதும் அந்த இரண்டு வால்வுக்கும் நடுவிலுள்ள இடை அறை வழியாக, அங்கே கசிவைக் காட்டும் சொட்டு வால்வில் சீறிக்கொண்டே இருக்கும்.

காற்றுப் பராமரிப்புக் கருவிதான் இந்த வரிசையின் மூளை. அதற்குள் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று நேரடி நிரப்புப் பாதை, கைவால்வோடு. மற்றது அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் ஊசித்துளை நெருக்கியும் உள்ள மெதுப் பாதை. முதல் நிரப்பலுக்கு மட்டும் நேரடிப் பாதை. நிரம்பியதும் அதை மூடி, மெதுப் பாதையைத் திறந்து விட வேண்டும். நேரடிப் பாதை வால்வைத் திறந்தபடியே விட்டுப்போவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும், வெளியே தெரியாத, மிக மோசமான தவறு. மானி சரியாகக் காட்டும், அலாம் வராது, எல்லாம் நலம் போலத் தோன்றும். தலை திறக்கும் நாளில்தான் அமுக்கம் இறங்க மறுக்கும். அந்த வால்வின் கைப்பிடியைக் கழற்றி அருகிலேயே கம்பியில் தொங்கவிடலாம், அல்லது மூடிய நிலையில் முத்திரை போடலாம்.

10 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு 5.5 கன அடிக்கு, ஏறத்தாழ 156 லீற்றருக்கு, குறைவாகக் கொடுக்கும் தானியங்கிக் கம்பிரசர் என்றால் தொட்டியும் பராமரிப்புக் கருவியும் கட்டாயமில்லை என்று என்எஃப்பிஏ 13 விடுகிறது. கம்பிரசரே நெருக்கி மாதிரி வேலை செய்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆனால் ஒரே கம்பிரசர் இரண்டு மூன்று தொகுதிகளுக்குக் காற்றுக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பராமரிப்புக் கருவி வேண்டும்.

ரெகுலேற்றர் வாங்கும்போது 0 முதல் 2 பார் வீச்சுள்ள ஸ்பிரிங் கேளுங்கள். கடையில் கிடைக்கும் 0 முதல் 10 பார் ரெகுலேற்றர் 0.7 பாரில் கையை வைத்தாலே தாவும், நிலைத்து நிற்காது. மானியும் அப்படியே. 16 பார் மானியில் 0.7 பார் என்பது முள் அசைந்ததா இல்லையா என்ற அளவுதான். அதற்காக 2 பார் மானியும் போட முடியாது, வால்வு திறந்தால் முழுத் தண்ணீர் அமுக்கமும் அதே குழாயில் ஏறும். கீழ்ப்பகுதி விரிந்தும் மேற்பகுதி சுருங்கியும் அச்சிட்ட ஸ்பிரிங்ளர் காற்று மானியே இதற்குரியது. குறைந்த அமுக்கச் சுவிச்சுக்கும் இதே எச்சரிக்கை: தண்ணீர் அமுக்கத்தைத் தாங்குமா என்று தாளில் பாருங்கள்.

அமுக்கம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் விடுவிப்பு வால்வை, அதிகபட்சக் காற்றமுக்கத்துக்கு மேல் 0.7 பாரில் வையுங்கள். மேலே எடுத்த தொகுதியில் கம்பிரசர் 0.7 இல் தொடங்கி 0.9 இல் நின்றால், விடுவிப்பு 1.6. குறைந்த காற்று அறிவிப்பு 0.5. தகரக் கூரைக்குக் கீழே போகும் குழாயில் கச்சான் காலத்து மத்தியானத்தில் காற்று 28 பாகையில் இருந்து 55 பாகைக்குச் சூடானால், 0.9 பார் தானாகவே 1.07 பாராக ஏறும். 1.6 இல் வைத்திருந்தால் வால்வு வீணாகத் திறக்காது, 1.0 இல் வைத்திருந்தால் தினமும் மத்தியானம் ஊதும். அதே போல் நடுப்பகல் சூட்டில் 0.7 பாருக்கு நிரப்பிவிட்டுப் போனால் இரவில் அது 0.56 ஆகிவிடும். காலையில் நிரப்புங்கள்.

இணைப்புக் குழாய் கல்வனைஸ் இரும்பு அல்லது செம்பு. பிவிசியை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். தண்ணீர் அமுக்கத்தில் பிவிசி பிளந்தால் நீர் பீச்சும், அவ்வளவுதான். காற்றமுக்கத்தில் பிளந்தால் கண்ணாடி போலச் சிதறி ஆளைக் காயப்படுத்தும்.

மின்சாரம் தனி பிரேக்கரில் இருந்து நேரடியாக வயர் இழுத்து வர வேண்டும். பிளக் பொயின்ற்றில் மாட்டினால், நிலம் துடைக்க வருபவர் தன் இயந்திரத்துக்காக அதைக் கழற்றுவார், மறுபடி மாட்ட மறப்பார். ஜெனரேற்றர் இருந்தால் அதன் அவசியச் சுற்றில் கம்பிரசரையும் சேருங்கள். பனலின் பற்றரி கம்பிரசரை ஓட்டாது.

ஈரம்

மேலே உள்ளதை எல்லா ஊரிலும் செய்வார்கள். எங்கள் ஊரில் வித்தியாசமாகச் செய்ய வேண்டியது இதுதான்.

30 பாகை வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் 80 வீத ஈரப்பதன் சாதாரணம், அதாவது 24 கிராம். இதை 0.7 பாருக்கு அமுக்கினால் 1.69 கன மீற்றரில் இருந்த நீராவி ஒரு கன மீற்றருக்குள் வந்துவிடும்: 40 கிராம். தாங்கக்கூடியது 30. மிச்சம் 10 கிராம் தண்ணீராகக் குழாய்ச் சுவரில் படியும். அறை 22 பாகைக்குக் குளிரூட்டப்பட்டது என்றால் தாங்கக்கூடியது 19.4 கிராம்தான், அப்போது பாதிக்கு மேல் தண்ணீராகிவிடும்.

ஒரு தடவை நிரப்பியதோடு நின்றால் இது பெரிய காரியம் அல்ல. கசிவுதான் ஆபத்து. மேலே சொன்ன 667 லீற்றர் தொகுதியில் கம்பிரசர் 0.7 இல் இருந்து 0.9 க்கு ஏற்றும் ஒவ்வொரு முறையும் 132 லீற்றர் புதுக்காற்றை உள்ளே தள்ளுகிறது, எட்டு ஒன்பது நிமிடம் ஓடி. நாளுக்கு 14 தடவை ஓடினால் ஏறத்தாழ 2 மணி நேரம், 1.8 கன மீற்றர் காற்று. உலர்த்தி இல்லாமல் 22 பாகை அறைக்குள் இது போனால் நாளுக்கு 22 கிராம், வருடத்துக்கு 8 லீற்றர் தண்ணீர் குழாய்க்குள் தங்கும். கூடவே ஒவ்வொரு நாளும் புது ஒட்சிசன். கறளுக்கு வேண்டிய இரும்பு, தண்ணீர், ஒட்சிசன் மூன்றையும் ஒரே குழாயில் நாமே சேர்த்து வைக்கிறோம். குழாயின் அடிப்பக்கத்தில் தண்ணீர் விளிம்பு தொடும் கோட்டில் புற்றுப் போலக் கட்டியெழுந்து, அதற்கடியில் ஊசித்துளை விழும். துளை விழுந்தால் கசிவு கூடும், கம்பிரசர் இன்னும் ஓடும், ஈரமும் கூடும்.

கல்வனைஸ் குழாய் போட்டால் தப்பலாம் என்பதும் சரியில்லை. தேங்கிய தண்ணீரில் நாகப்பூச்சு ஒரு இடத்தில் அரிந்ததும், அரிப்பு முழுவதும் அந்தப் புள்ளியிலேயே குவிந்து இரும்பை விரைவாகத் துளைக்கும்.

இதற்கு மிக மலிவான தீர்வு ஒன்று உண்டு. கம்பிரசரைக் குளிரூட்டிய அறைக்குள்ளேயே வைத்து, அந்த அறையின் காற்றையே இழுக்கச் செய்யுங்கள். 22 பாகை, 50 வீத ஈரப்பதன் என்றால் கன மீற்றருக்கு 9.7 கிராம். 0.7 பாருக்கு அமுக்கினாலும் 16.4 கிராம்தான், 19.4 ஐத் தாண்டாது. ஆகவே அந்த அறைக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் படியாது. இது குறைந்த அமுக்கத்துக்கு மட்டும் செல்லும் கணக்கு. 2.8 பாரில் அதே காற்றும் தண்ணீர் விடும். இரைச்சல் தொந்தரவு என்றால் கம்பிரசரை வெளியே வைத்து இழுவைக் குழாயை மட்டும் உள்ளே விடலாம். எப்படியும் கடலைப் பார்த்த சுவரில், வாடைக் காலத்துச் சாரல் படும் இடத்தில் இழுவாயை வைக்காதீர்கள். உப்பும் சேர்ந்து போகும்.

வெளிக்காற்றுத்தான் என்றால் உலர்த்தி தேவை. சிலிக்கா ஜெல் குப்பி சிறிய தொகுதிக்குப் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் தீர்ந்துவிட்டது என்று பொருள். 120 பாகை அளவில் அடுப்பில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். மாரி காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டி வரும் என்பதால் மாற்றுக் குப்பி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். குளிர்ச்சி முறை உலர்த்தி பனிநிலையை (நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) 3 பாகை வரை கொண்டுவரும். குளிரூட்டிய அறைக்கு அது நிறையப் போதும், உறைகுளிர் அறைக்குப் போதாது.

குழாயிலும் தண்ணீர் தேங்க இடம் கொடுக்கக் கூடாது. கிளைக்குழாய்க்கு மீற்றருக்கு 4 மி.மீ., பிரதான குழாய்க்கு 2 மி.மீ. சரிவு. தாழ்ந்த இடங்களில் வடிகால் பாத்திரம்: இரண்டு 1 அங்குல வால்வு, நடுவில் 2 அங்குலம் பருமன், 12 அங்குலம் நீளமுள்ள குழாய்த்துண்டு. பள்ளக் கப்ளிங்குக்கு இடைவெளியை நிரப்பும் ஃப்ளஷ் சீல் கேஸ்கட்டைப் போடுங்கள். சாதாரணக் கேஸ்கட் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மடக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். 13.8 பார் நீரமுக்கச் சோதனைக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீரை எடுக்காமல் நீர் வழங்கல் சபைத் தண்ணீரை எடுங்கள். சோதனை முடிந்ததும் எல்லா வடிகாலையும் திறந்து, காற்று ஊதி, துளி வருவது நிற்கும் வரை விடுங்கள்.

நைதரசன்

கசிவைக் கட்டிவிட்ட குழாய்க்கு நைதரசன் சிலிண்டர் நல்ல வழி. அது உலர்ந்தது, ஒட்சிசனும் இல்லை. இலக்கு 98 வீதம். 0.7 பாருக்கு நிரப்பித் திரும்ப விடுவித்தால் ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் 0.59 மடங்காகும். 21 வீதத்தில் தொடங்கி ஐந்து தடவை செய்தால் 1.5 வீதத்துக்கு வந்துவிடும். ஐந்து தடவைக்கும் 2.3 கன மீற்றர் நைதரசன். 150 பாரில் நிரப்பிய 47 லீற்றர்ச் சிலிண்டரில் ஏறத்தாழ 7 கன மீற்றர் இருக்கும். மிச்சத்தில், வாரத்துக்கு இரண்டு தடவை நிரப்பும் இறுக்கமான தொகுதி நாலு மாதம் ஓடும். விடுவிப்பதைத் தொலைவில் உள்ள சோதனை வால்வு வழியாகச் செய்து, அங்கேயே ஒட்சிசன் மானியால் அளவுங்கள். விடும் வாயுவைக் குழாய் மூலம் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். மூடிய அறையில் நைதரசன் மணமின்றி மூச்சை நிறுத்தும்.

சிலிண்டருக்கு இரண்டு கட்ட ரெகுலேற்றர், பிறகு நெருக்கியுள்ள பராமரிப்புக் கருவி, பிறகு விடுவிப்பு வால்வு. 150 பாருக்கும் ஸ்பிரிங்ளர் குழாய்க்கும் நடுவில் ஒரே ஒரு ரெகுலேற்றரை நம்பக் கூடாது.

உறைகுளிர் அறைக்கு, மீன் களஞ்சியத்துக்கு, நைதரசனையே முதலில் யோசியுங்கள். ஈரக்காற்றுப் போனால் குழாய் குளிரறைக்குள் நுழையும் இடத்திலேயே பனிக்கட்டி அடைப்பு உருவாகும். காற்றுக் கொடுத்தால் அதை அறைக்குள்ளிருந்தே இழுத்து உலர்த்தியூடாக விடுங்கள். உள்ளே போகும் காற்றுக் குழாயை 1 அங்குலத்தில், 1.8 மீற்றர் நீளத்தில், கழற்றக்கூடிய இரண்டு இணையான பாதைகளாக வைத்தால் ஒன்றைக் கழற்றிப் பனி இருக்கிறதா என்று பார்க்கலாம். அறையைக் குளிர்த்த பிறகே இறுதி அமுக்கத்தைச் சரிபாருங்கள். 30 பாகையில் 0.7 பார் என்பது பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் 0.42 ஆகிவிடும்.

கசிவுச் சோதனையும் நிரப்பும் ஒழுங்கும்

புதுத் தொகுதிக்கு 2.8 பார் காற்று, 24 மணி நேரம், 0.1 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. இங்கே வெப்பநிலை ஏமாற்றும். 34 பாகையில் தொடங்கி 26 பாகையில் வாசித்தால், ஒரு துளியும் கசியாத குழாயிலேயே 0.1 பார் குறையும். தொடங்கிய அதே நேரத்தில் மறுநாள் வாசியுங்கள், இரண்டு வாசிப்போடும் குழாயின் வெப்பநிலையை எழுதுங்கள். கசிந்தால் சவர்க்கார நுரையை எடுத்து முதலில் மானி இணைப்பு, வடிகால் வால்வுத் தண்டு, சோதனை வால்வு, ஸ்பிரிங்ளர் திரெட் என்ற வரிசையில் தேடுங்கள். பெரிய கப்ளிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தச் சின்ன இடங்கள்.

இந்தச் சோதனையில் தேறிய குழாய் 0.7 முதல் 0.9 பார் வரையான வேலையில் குறைந்தது நாலு நாளைக்கு ஒரு தடவைதான் கம்பிரசரைக் கூப்பிடும். மணிக்கு ஒருமுறை ஓடும் கம்பிரசர் நிமிடத்துக்கு 2.2 லீற்றர் கசிகிறது என்று சொல்கிறது. பழைய தொகுதிக்கு, பராமரிப்புச் சோதனைகளுக்கான விதிநூலான என்எஃப்பிஏ 25 மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேட்பது எளிது: காற்று மூலத்தை 4 மணி நேரம் மூடி வையுங்கள், அதற்குள் குறைந்த காற்று அலாம் வந்தால் கசிவைத் தேடித் திருத்துங்கள்.

நிரப்பும்போது காற்று முதலில், தண்ணீர் பிறகு. பிரதான தண்ணீர் வால்வு மூடி இருக்க வேண்டும், பனலில், வால்வைத் திறக்கும் விடுவிப்புச் சுற்றைத் தனிமைப்படுத்தி இருக்க வேண்டும், வடிகால்கள் மூடி இருக்க வேண்டும். நேரடிப் பாதையைத் திறந்து கடிகாரத்தைப் பாருங்கள், 30 நிமிடத்தைத் தாண்டினால் கம்பிரசர் சிறிது அல்லது கசிவு பெரிது. 0.7 ஐத் தொட்டதும் நேரடிப் பாதையை மூடி மெதுப் பாதையைத் திறங்கள். காற்றால் இயங்கும் அக்சுவேற்றர் உள்ள வால்வில் காற்று பிடித்த பிறகுதான், வால்வை மூடிப் பிடிக்கும் டயப்பிரம் அறை தண்ணீரை வைத்திருக்கும். பிறகு பிரீஅக்‌ஷன் வால்வை மூடிய நிலையில் அமர்த்தி, பிரதான வால்வை மெதுவாகத் திறந்து, சொட்டு வால்வில் ஒன்றும் வரவில்லை என்று பார்த்து, கடைசியாகப் பனலில் தனிமைப்படுத்திய சுற்றைத் திரும்ப இணையுங்கள்.

சொட்டு வால்வில் காற்று சீறினால் முதன்மைத் திரும்பா வால்வின் இருக்கையில் மண் அல்லது கறள் துணுக்கு. தண்ணீர் சொட்டினால் கீழ் வால்வு பிடிக்கவில்லை. மோட்டர் முனகி நின்று பிரேக்கர் விழுந்தால் அன்லோடர் தலையமுக்கத்தை விடவில்லை, அல்லது காற்றுக் குழாயின் திரும்பா வால்வு பின்னோக்கிக் கசிகிறது. கம்பிரசர் நிற்காமல் ஓடியும் அமுக்கம் ஏறாவிட்டால், கசிவைத் தேடும் முன் வலைவடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒருமுறை ஏறி இறங்கிய தொகுதியில் நெருக்கித் துளை கறளால் அடைபட்டிருக்கும்.

வடிகால் பாத்திரத்தைத் திறக்கும் முறை பலருக்குத் தவறுகிறது. முதலில் மேல் வால்வை மூட வேண்டும், பிறகு கீழ் வால்வைத் திறந்து வடிக்க வேண்டும், கீழ் வால்வை மூடிய பின்பே மேல் வால்வைத் திரும்பத் திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் திறந்தால் காற்று முழுதும் போய்விடும். இரட்டைப் பூட்டில் அதுவே ஒரு பூட்டைத் திறந்த மாதிரி, பூட்டில்லாத முறையில் அறைக்கு மேலே தண்ணீர் ஏறிவிடும். நிரப்பிய முதல் வாரத்தில் தினமும், துளி வராது என்றானதும் மாதத்துக்கு ஒருமுறை, ஐப்பசியில் இருந்து தை வரை கிழமைக்கு ஒருமுறை வடியுங்கள். வந்த தண்ணீரை அளந்து, திகதியோடு வால்வுக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டையில் எழுதிவிடுங்கள்.